மதிலுக்கு மேலே வட்டலப்பம்

ஸலாம், வணக்கம். வெளிநாட்டில் அக்கம்பக்கத்தாரோடு உங்கள் பழக்கம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது 2024இல் நடந்தது.

எனக்கு ஊர் காயல்பட்டினம். 9 வருடமாக லிவர்பூலில் இருக்கிறோம், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. அந்த ஜூலை 29 அன்று, ரயிலில் முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய சவுத்போர்ட்டில், நடன வகுப்புக்குள் புகுந்து ஒருவன் பிள்ளைகளைக் கத்தியால் குத்தினான். 3 சிறுமிகள் இறந்துபோனார்கள். குத்தியவன் படகில் வந்த முஸ்லிம் அகதி என்று சமூக வலைத்தளங்களில் பரவியது. அது பொய். அவன் கார்டிஃபில் பிறந்த 17 வயதுப் பையன், முஸ்லிம் இல்லை. உண்மை வந்து சேர்வதற்குள், மறுநாள் மாலையே சவுத்போர்ட் பள்ளிவாசல் மீது செங்கல் வீசினார்கள்.

எனக்கு அந்த வாரம் இரவு 10 மணிக்குத்தான் வேலை முடியும். ஊரிலிருந்து உம்மா போனில் அழுதார்கள். "பஸ்ஸில் மட்டும் முக்காட்டை எடுத்துவிட்டுப் போம்மா, அல்லாஹ் மன்னிப்பான்" என்றார்கள். என்னால் எடுக்க முடியவில்லை.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டுப் பெரியவர் மதிலருகே வந்து நின்றார். "அந்தப் பையன் உங்கள் ஆள் என்றுதான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு, மன்னித்துவிடு" என்றார். அப்புறம், "வேலை முடிந்து எப்படி வருகிறாய்?" என்று கேட்டார். அன்றிலிருந்து இரண்டு வாரம் அவர் காரில்தான் வீடு திரும்பினேன்.

நன்றியைவிட முதலில் வலித்ததைச் சொல்லிவிடுகிறேன். 9 வருடம், பெருநாளுக்குப் பெருநாள் அதே மதில் மேல் வட்டலப்பம் கொடுத்திருக்கிறேன். இரண்டே நாளில் நம்பிவிட்டாரே என்று ராத்திரி தூக்கமே இல்லை. ஆனால் அவர் நினைத்ததை வெளியே சொல்லியிருக்கவே வேண்டாம். யாரும் கேட்கவில்லை. நேரே வந்து சொன்னார். ஒருநாள் காரில் அவரே கேட்டார்: "உங்கள் வீட்டுக்குள் என்னை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லையே, ஏன்?" எனக்குப் பதில் வரவில்லை. தட்டைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது நாங்கள்தானே.

பதில்:
சகோதரி, நானும் லிவர்பூல்தான், முஸ்லிம் இல்லை. ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை மாலை அப்துல்லா குவில்லியம் பள்ளிவாசல் வாசலில் நின்றேன். இந்த ஊர் வக்கீல் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவி 1889இல் தொடங்கிய இடம் அது, பிரிட்டனின் முதல் பள்ளிவாசல் என்பார்கள். எதிர்த்துக் கோஷம் போட வந்தவர்களைவிடக் காக்க வந்த கூட்டம் பெரிது. கூட்டம் குறைந்ததும் இமாம் ஆடம் கெல்விக்கும் இன்னும் சிலரும் பர்கரும் குளிர்பானமும் எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து அவர்களிடமே போனார்கள். எல்லோரும் வாங்கவில்லை. வாங்கியவர்கள் நின்று பேசினார்கள், ஒருவர் இமாமைக் கட்டிப்பிடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே வால்டனில் நூலகத்துக்குத் தீ வைத்தார்கள், அதையும் மறக்கவில்லை. அதற்கு மக்கள் போட்ட பணம் இரண்டரை லட்சம் பவுண்டைத் தாண்டியது. டிசம்பரில் திறந்துவிட்டார்கள்.

பதில்:
அந்த நூலகத்துக்கு நாங்களும் கொடுத்தோம் அண்ணா. அப்புறம் சொல்ல விட்டுப்போனது: 2025 நோன்புப் பெருநாளுக்குப் பெரியவர் உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். வட்டலப்பத்தில் என்னவெல்லாம் போடுவோம் என்று முதல் தடவையாகக் கேட்டார். முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டார்.