ஒரே டிரைவ், இரண்டு ஃபிளாப்பி: ஒப்பிடுவது எப்படி?

கேள்வி: லினக்ஸ் கணினியில் ஒரு ஃபிளாப்பி டிரைவ்தான் இருக்கிறது. டாஸ் முறையில் ஃபார்மட் செய்த 1.44 எம்பி ஃபிளாப்பி வட்டுகள் இரண்டும் ஒன்றுதானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில் 1: மவுண்ட் செய்யாமல் (கோப்புகளைத் திறக்க வட்டை இணைக்காமல்), 'டிடி' (dd) என்ற நகலெடுக்கும் கட்டளை கொண்டு தனித்தனி இமேஜ், அதாவது முழு வட்டின் நகல் கோப்பு, எடுங்கள். ஒவ்வொன்றும் 14,74,560 பைட் இருக்க வேண்டும். பிறகு இரண்டு இமேஜையும் 'சிஎம்பி' (cmp) கட்டளையால் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். அது வாய் திறக்கவில்லை என்றால் அச்சு அசல் ஒன்றே.

பதில் 2: கெட்ட செக்டர் (வட்டில் படிக்க முடியாத பகுதி) இருந்தால் டிடி பாதியில் நின்றுவிடும். பிளாக் அளவு 512 வைத்து, 'நோஎரர்' (noerror, பிழை வந்தாலும் தொடர), 'சிங்க்' (sync, படிக்காத இடத்தை வெற்றுப் பைட்களால் நிரப்ப) இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். சிங்க் விட்டுப்போனால் படிக்காத பகுதி இமேஜில் விடுபட்டு, பின்னால் உள்ளதெல்லாம் முன்னே நகர்ந்துவிடும். சிஎம்பி கண்டபடி வேறுபாடு காட்டும்.

கேட்டவர்: 40 முதல் 43 வரையான பைட்கள் மட்டும் வேறுபடுகின்றன.

பதில் 1: அது வால்யூம் சீரியல் எண், அதாவது வட்டின் அடையாள எண்; ஃபார்மட் செய்தபோது விழுந்தது. கோப்புகளில் வித்தியாசமில்லை.