பவளத்தைத் தொடும் டைவிங் ஜோடியை எப்படி அடக்குவது?

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டத்துப் பசங்களோடு பெர்ஹெந்தியான் தீவுக்கு டைவிங் போகும்போதெல்லாம் என் ஜோடியாக (தண்ணீருக்கடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் துணை) வரும் என் மச்சான் பவளத்தைப் பிடித்துக்கொண்டுதான் படம் எடுக்கிறார், ஆமையைக் கண்டால் ஓட்டைத் தடவத் துரத்துகிறார். அது கல் இல்லை, உயிர், உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. தான் வளரும் என்று படகிலேயே சொல்லிப் பார்த்தேன். கையுறையைப் பிடுங்கி வைத்தேன், இடுப்பில் கட்டும் ஈய எடையைக் குறைத்தோம் (மிதப்பு இப்போது நன்றாகவே இருக்கிறது, அதனால் தடுமாறிப் பிடிக்கிறார் என்றும் சொல்ல முடியாது), சைகை காட்டினால் சிரிக்கிறார். நெருப்புப் பவளம் பட்டு கை தடித்தும் திருந்தவில்லை! வழிகாட்டியோ, காசு கொடுத்து வந்தவர் ஆச்சே என்று கண்டுகொள்வதே இல்லை. அடுத்த பள்ளி விடுமுறையில் ரெடாங் தீவுக்குப் போகிறோம், அங்கேயும் அவர்தான் என் ஜோடி. தண்ணீருக்கடியில் அவர் கை நீளும்போது, அவரைப் பதறவைக்காமல் நான் என்ன செய்து தடுக்கலாம்?