நான்கு வயது மகளுக்கு ‘நீங்கள்’ சொல்லப் பழக்குவது எப்படி?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நான்கு வயதாகும் என் மகள் தாத்தாவிடமும் வகுப்பு ஆசிரியையிடமும் ‘வாங்க, சொல்லுங்க’ என்று தவறாமல் மரியாதையுடன் பேசுகிறாள். ஆனால் காலையில் கீரை கொண்டுவரும், பாட்டி வயதுடைய அம்மாளிடம் மட்டும் ‘நீ ஏன் லேட்டா வந்தே?’ என்று ஒருமையில் கேட்கிறாள். ‘தேங்க்யூ’, ‘ப்ளீஸ்’ எல்லாம் பள்ளியிலேயே வந்துவிட்டன. யாருக்கு ‘நீ’, யாருக்கு ‘நீங்கள்’ என்பதை எங்கள் வாயைப் பார்த்தே கற்றிருக்கிறாள், ஏனெனில் வீட்டுப் பெரியவர்கள் அந்த அம்மாளிடம் அப்படித்தான் பேசுகிறார்கள் (நானும் விதிவிலக்கல்ல என்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்). சென்ற வாரம் அவர் முன்னிலையிலேயே அதட்டித் திருத்தியபோது குழந்தை அழுதாள். அவரோ ‘பிள்ளைதானே, விடுங்க’ என்று சங்கடப்பட்டார். குழந்தையைக் கூசச் செய்யாமல் பழக்கவும், மாமியார் மனம் நோகாமல் வீட்டுப் பேச்சை மாற்றவும் உங்களுக்குக் கைகொடுத்த வழிகளைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.