உபுண்டு அப்கிரேடுக்குப் பின் கோப்புகள் சிதைந்தன, காரணம் என்ன?

காட்பாடிக்காரன்: ஜெராக்ஸ் கடைக் கணினியை உபுண்டு இயங்குதளத்தின் 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மாற்றினேன், இரண்டே நாளில் டிஸ்க் படிக்க மட்டும் என்று பூட்டிக்கொண்டது, டிஸ்கின் கோப்பு அமைப்பைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டினால் பத்திர நகல்கள் பெயர் போய் வெறும் எண்களாக நிற்கின்றன. அப்கிரேடுதான் கெடுத்ததா?

சத்துவாச்சாரி: அண்ணா, எஃப்எஸ்சிகே இனி வேண்டாம், அது டிஸ்கில் எழுதும். முதலில் டிடிரெஸ்கியூவில் (பழுதான டிஸ்கை நகலெடுக்கும் நிரல்) முழு நகல் எடுங்கள். அப்புறம் டிஸ்க் தன் நிலை பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 197 (படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகள்), 199 (கேபிள் வழி வரும் தரவுப் பிழைகள்) பாருங்கள்.

காட்பாடிக்காரன்: 197 பூஜ்யம். 199 நேற்று 380, இன்று 412.

சத்துவாச்சாரி: அப்படியானால் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். அப்கிரேடு ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரே மூச்சில் எழுதும், பழைய கோளாறு அப்போதுதான் வெளியே வரும்.

ராணிப்பேட்டை: கேபிள் பிழை பெரும்பாலும் பிடிபட்டு, தரவு மறுபடி அனுப்பப்படும். கோப்புகள் சிதைய அது மட்டுமே காரணமாக இல்லாமல் போகலாம். அதனால் ரேமையும் (கணினியின் தற்காலிக நினைவகம்) விடாதீர்கள், அதைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓர் இரவு ஓடட்டும்.