பட்டறையில் செய்த கேம்பிங் கத்தி: முனைப்பக்கம் மட்டும் வாய் மடங்குகிறது, தேறுமா?

மலைநடை:
ஏற்காடு பக்கம் நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் அவ்வப்போது கூடாரம் போட்டுத் தங்குவது வழக்கம். அதற்கென்று ஒரு கத்தியைப் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கினேன். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. அலகு 5 அங்குலம், முதுகு 4.5 மி.மீ. தடிமன். பிடிக்குள் இரும்பு கடைசிவரை ஓடுகிறது. இரண்டு பக்கமும் ஈட்டி மரம், மூன்று பித்தளை ஆணி. வாங்கிய அன்று கை முடியை மழித்தது.

தீ மூட்ட, காய்ந்த சில்வர் ஓக் கிளையை மெல்லிசாகச் சீவினேன். பிடியை ஒட்டிய பகுதி அப்படியே கூராக இருக்கிறது. முனையிலிருந்து 3 செ.மீ. அளவுக்கு மட்டும் வாய் மடங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. விரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கம் மெல்ல இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் சொரசொரவென்று தட்டுகிறது. பல் எதுவும் விழவில்லை. தீட்டினால் சரியாகிறது, கொஞ்சம் சீவினால் பழையபடி மடங்குகிறது.

இரும்பு சரியில்லையா, தோய்ச்சல் (பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவது) சரியில்லையா? அப்புறம், பிடியில் ஓர் இடத்தில் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே தாள் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறது. அதையும் சொல்லுங்கள்.

எவர்சில்வர்:
மனசைத் தேற்றிக்கொண்டு ஒரு மோரா வாங்கிவிடுங்கள். சுவீடன்காரர்கள் இதற்கென்றே செய்வது. கைவேலை, ஸ்பிரிங் பட்டை, ஈட்டி மரம் எல்லாம் கேட்க நன்றாக இருக்கும். காட்டில் கூர் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

உலைக்களம்:
மோரா நல்ல கத்தி, அதில் சண்டை இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லையே.

ஒரே அலகில் பாதி நிற்கிறது, பாதி மடங்குகிறது என்றால் இரும்பின் மேல் பழி போட முடியாது. ஸ்பிரிங் பட்டை சிலிக்கன் சேர்ந்ததாகவோ குரோமியம் சேர்ந்ததாகவோ இருக்கும். கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் வாக்கில். மீன் அறுக்கும் மெல்லிய கத்திக்கு இது கொஞ்சம் குறைச்சல்தான். விறகு பிளக்கவும் அடி தாங்கவும் தாராளம்.

ஆக, சந்தேகம் சூட்டின் மேல்தான். தோய்ச்சல் போட்டு முடித்த பிறகு கரண்ட் சாணையில் வாய் பிடிப்பார்கள். முனை மெல்லிசு, சூடு ஓடிப்போக அங்கே இடமில்லை. கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலே இரும்பு நிறம் மாறும். வைக்கோல் நிறம் 200, 220 டிகிரி, அதுவரை பரவாயில்லை. நீலம் ஓடினால் 300 டிகிரி பக்கம் போய்விட்டது, கடினம் இறங்க ஆரம்பித்திருக்கும். பாலிஷ் போட்டதும் நீலம் மறைந்துவிடும், வாங்குகிறவருக்குத் தெரியாது.

தோய்க்கும்போதே முனைக்குச் சூடு போதாமல் இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. உலையிலிருந்து எண்ணெய்க்குக் கொண்டுபோவதற்குள் மெல்லிய முனைதான் முதலில் ஆறும். இரும்பில் காந்தம் ஒட்டாமல் போவது 770 டிகிரியில். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்த ரகத்தை 830, 850 வரை ஏற்றிய பிறகுதான் எண்ணெயில் விட வேண்டும். திறந்த உலையில் மேல்தோலின் கார்பன் எரிந்துபோவதும் நடக்கும், ஆனால் அதுவென்றால் வாய் முழுக்க மடங்கியிருக்கும்.

ஒரு புது அரம் எடுத்து, பிடியை ஒட்டி ஓர் இழுப்பு, முனையருகே ஓர் இழுப்பு, ஒரே அழுத்தத்தில் வாயை ஒட்டி இழுத்துப் பாருங்கள். அரம் கவ்விவிட்டதே என்று பதற வேண்டாம். அரத்தின் கடினம் ராக்வெல் அளவில் 62க்கு மேல். இந்த மாதிரிக் கத்தி 56, 58 இருந்தால் போதும், ஆகவே லேசாகக் கவ்வத்தான் செய்யும். கண்ணாடி மேல் ஓடுவதுபோல் வழுக்கினால் அது வேறு தலைவலி: தோய்த்துவிட்டுப் பதம் இறக்காமல் (மிதமான சூட்டில் வைத்துக் கடினத்தைக் கொஞ்சம் குறைக்காமல்) விட்டிருப்பார்கள், பல் விழும். உங்களுக்கு இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம்.

அடுத்து ஒரு பித்தளைக் கம்பியைப் பலகையில் படுக்கவைத்து, தீட்டும் கோணத்தில் வாயை அதன்மேல் வைத்து அழுத்துங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வாய் வளைவது தெரியும். கையை எடுத்ததும் நிமிர்ந்தால் நல்ல பதம். வளைந்தபடியே நின்றால் மென்மை. பொடிந்தால் கடினம் கூடுதல்.

மலைநடை:
செய்து பார்த்துவிட்டேன் அண்ணே. பிடியை ஒட்டி அரம் கரகரவென்று வழுக்கிக்கொண்டே லேசாகக் கவ்வுகிறது. முனைப்பக்கம் நன்றாகவே கவ்வி, பளபளவென்று தூள் விழுகிறது. பித்தளைக் கம்பியில் முனைப்பக்கம் நெளிந்தபடியே நின்றுவிட்டது.

லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, முனைக்கு அருகே சாணைக் கோடுகளின் பள்ளத்துக்குள் ஊதா கலந்த நீலம் மெல்லிசாகத் தெரிகிறது. அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும். பட்டறைக்காரரிடம் போனில் கேட்டால், “ஸ்பிரிங் பட்டைன்னா அப்படித்தான் சார் இருக்கும்” என்று வைத்துவிட்டார்.

உலைக்களம்:
நீலம் ஒரு பக்கம் மட்டும் என்றால் சாணையாகத்தான் இருக்கும். தோய்ச்சல் கோளாறை விட இது தேவலை தம்பி. வெந்தது பெரும்பாலும் ஓரத்து இரும்பு மட்டும்தான். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் அடியில் நல்ல பதம் இருக்கக்கூடும்.

மறுபடி கரண்ட் சாணைப் பக்கம் போக வேண்டாம். 220 நம்பர் கல், தண்ணீர், கை. முதலில் மடங்கிய இடத்தில் வாயைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்தி அரை மி.மீ. அளவுக்குத் தேய்த்து மொட்டையாக்குங்கள். மனசு கேட்காது, இருந்தாலும் செய்யுங்கள். மடிந்த ஓரத்தை அப்படியே வைத்துக்கொண்டு தீட்டினால் அந்தப் பலவீனமான இரும்பையே மறுபடி கூராக்கிக்கொண்டிருப்பீர்கள். பிறகு இரண்டு பக்கமும் கோணம் எடுத்து, 1000 நம்பர் கல்லில் முடித்து, பழையபடி பித்தளைக் கம்பி. நிமிர்ந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஒன்றரை மி.மீ. போயும் மடங்கினால் தோய்ச்சலே அங்கே பிடிக்கவில்லை என்று அர்த்தம். அப்போது பிடியைக் கழற்றி மறுதோய்ச்சல் போட வேண்டும், முடித்த கையோடு 200 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வீதம் இரு முறை வைத்துப் பதம் இறக்க வேண்டும். கூலியோடு பார்த்தால் பாதிக் கத்தி விலை ஆகிவிடும்.

காட்டுமல்லி:
கோணத்தையும் ஒருமுறை பாருங்கள். கை முடியை மழிக்கும் கூர் கடையில் காட்டுவதற்கு எடுத்த கூர். மோரா பாணியில் பக்கத்துக்கு 12 டிகிரி வாக்கில் எடுத்து, கடின மரத்தின் கணுவில் சீவினால் நல்ல பதமுள்ள வாய்கூட மடங்கும். உங்கள் வேலைக்குப் பக்கத்துக்கு 15லிருந்து 18 டிகிரி சரியாக வரும்.

பிடியில் இருக்கும் இடைவெளியைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். பனி, மழை எல்லாம் அதற்குள் இறங்கி, வெளியே தெரியாமல் ஆணி ஓட்டையைச் சுற்றித் துரு பிடிக்கும். நகப்பாலிஷ் அழிக்கும் அசிட்டோனை உள்ளே விட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு அரால்டைட். ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகம் வேண்டாம், மெதுவாக இறுகுவதை வாங்குங்கள். கலந்த பிறகு ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் இளகி உள்ளே தானாக இறங்கும். கிளாம்ப் போட்டு ஒரு நாள் தொடாமல் வையுங்கள்.

எவர்சில்வர்:
சரி, ஒத்துக்கொள்கிறேன், நீங்கள் சொல்வது வேலைக்காகும் போலிருக்கிறது. ஆனால் அடுத்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிடிக்குள் இரும்பு கடைசிவரை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அதோடு திருப்தி அடைந்துவிடுகிறீர்கள். மோரா கம்பேனியனில் அது கடைசிவரை ஓடவே இல்லை, இருந்தும் உலகம் முழுக்க அதை வைத்து விறகு பிளக்கிறார்கள்.

குறிஞ்சி:
கத்தி தேறிவிடும் போலிருக்கிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். தனியார் தோட்டத்துக்குள் பிரச்சினை இல்லை. அதே பையோடு முதுமலை, ஆனைமலை என்று சரணாலயத்துக்குள் போய்விடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்கான விளக்கத்தில் கத்தியும் வருகிறது. எழுத்தில் முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைவதைப் பிரிவு 31 தடுக்கிறது. ஆயுத விதிகளில் வரும் 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்ற கணக்கைச் சொல்லி, “என்னுடையது 5 அங்குலம்தானே” என்று செக்போஸ்டில் வாதாடினால் எடுபடாது. அது வேறு சட்டம்.

மலைநடை:
அரை மி.மீ. தேய்த்தும் கொஞ்சம் நெளிவு இருந்தது. இன்னும் ஒரு சுற்று தேய்த்ததும் பித்தளைக் கம்பியில் நிமிர்கிறது. பக்கத்துக்கு 17 டிகிரி வைத்துத் தீட்டி, அதே சில்வர் ஓக்கைச் சீவினேன். சுருள் சுருளாக வருகிறது, வாய் அப்படியே நிற்கிறது. முனை வளைவு கொஞ்சம் தட்டையாகிவிட்டது, பார்க்க அழகில்லை, போகட்டும். பிடிக்கு அரால்டைட் ஊற்றிக் கிளாம்பில் இருக்கிறது. உறை இன்னும் வாங்கவில்லை. பழைய கைப்பையின் தோலை வெட்டித் தைத்துக்கொள்ளலாமா?

காட்டுமல்லி:
வேண்டாம். கைப்பைத் தோல் பெரும்பாலும் குரோம் பதனிட்டது. அதில் மிஞ்சும் உப்பு, ஈரம் பட்டால் ஸ்பிரிங் இரும்பில் ஒரே மழையில் புள்ளி புள்ளியாகத் துருவைக் கொண்டுவந்துவிடும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் என்று கேட்டு வாங்குங்கள். திண்டுக்கல், ஆம்பூர் பக்கம் தெரிந்தவர் இருந்தால் துண்டுத் தோலாகவே கிடைக்கும். உறை எதுவானாலும், வீட்டில் வைக்கும்போது கத்தியை வெளியே எடுத்து, தேங்காய் எண்ணெய் மெல்லிசாகத் தடவித் தனியாக வையுங்கள்.