முகத்துவாரத்தில் கருத்துப்போகும் உள்ளான்களும் காட்டில் கலங்கும் ஆறுமணிக்குருவியும்

கடிலக்கரை:
அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். வலசைக் காலத்தில் கடிலம், உப்பனாறு முகத்துவாரங்களிலும், புதுவைக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டிலும் பறவைகளைப் படமெடுக்கிறேன். ஏபிஎஸ்-சி எனும் சற்றுச் சிறிய சென்சார் கொண்ட கேமராவும், 300 மி.மீ. முனையில் எஃப் 5.6 திறப்புள்ள 70-300 லென்சும் வைத்திருக்கிறேன். விடியலில் எடுக்கும் உள்ளான்கள் (சேற்றுக்கரையில் இரை தேடும் பறவைகள்) வெறும் நிழலுருவாகப் பதிகின்றன. அலையாத்தி நிழலோரம் நிற்கும் கொக்குகளோ இறகின் வரிகூடத் தெரியாமல் வெளுத்துவிடுகின்றன. காட்டில் ஆறுமணிக்குருவி (தரையில் இரை தேடும் வலசைப் பறவை) ஒருமுறைகூடத் தெளிவாக அமையவில்லை. 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால் இவை தீருமா?

அலையாத்தி:
ஐயா, லென்ஸ் வாங்குவதற்கு முன்பு நீங்கள் நிற்கும் திசையை மாற்றிப் பாருங்கள். நம் கடற்கரையில் சூரியன் கடலுக்கு மேலே எழுவதால், காலையில் கரையிலிருந்து கடலை நோக்கி எடுக்கும் எந்தப் பறவையும் எதிரொளியில் கருத்துத்தான் போகும். முகத்துவாரத்துக்கு மாலையில் செல்லுங்கள். அதிலும் ஓதம் (கடல்நீர்மட்டம்) ஏறும் மாலையாகப் பார்த்துச் சென்று, சேற்றுத்திட்டுக்கு அருகே அசையாமல் அமர்ந்திருந்தால், நீர் ஏற ஏற உள்ளான்களே உங்கள் பக்கம் ஒதுங்கி வரும். நாம் நெருங்கிச் செல்வதைவிட அவை நெருங்கி வருவதே படத்துக்கும் பறவைக்கும் நல்லது. காலை நேரத்தை ஏரிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்பகுதியில் நிலம் கிழக்கே சரிவதால் ஏரிக்கரை பெரும்பாலும் கீழ்ப்புறத்தில்தான் இருக்கும். வீராணத்தின் கரைமேல் நின்றால் காலை வெயில் உங்கள் முதுகில் விழும்.

கொக்கு வெளுப்பதற்குக் காரணம், சுற்றியுள்ள இருளை அளந்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுவதுதான். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை (அதாவது வெளிச்சம் பாதியாகும் அளவுக்கு) குறைத்து, பிறகு திருத்த இடம்தரும் ரா வடிவில் எடுங்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடியாவது வேண்டும்.

கோயிற்காடு:
காட்டைப் பொறுத்தவரை 600 மி.மீ. உங்களுக்குத் துணை செய்யாது. அந்த நீளத்தில் நடுத்தர விலை லென்சுகளின் திறப்பு பெரும்பாலும் எஃப் 6.3தான் (எண் கூடினால் திறப்பு சிறுக்கும்) என்பதால், இப்போது கிடைப்பதைவிடக் குறைந்த வெளிச்சமே உள்ளே வரும். ஆறுமணிக்குருவி சருகைக் கிளறி இரை தேடும். தத்தும், நிற்கும், மீண்டும் தத்தும். அது நிற்கும் கணத்தில், ஒற்றைக்கால் தாங்கியில் கேமராவை ஊன்றி, 1/200 நொடியில் எடுங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 3200, ஏன் 6400 ஆனாலும் அஞ்ச வேண்டாம். அதனால் படத்தில் தோன்றும் புள்ளிகளைப் பிறகு குறைத்துவிடலாம், கலங்கலை ஒன்றும் செய்ய முடியாது.

கடிலக்கரை:
மிக்க நன்றி. ஆறுமணிக்குருவியின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டால் வெளியே வரும் என்று ஒருவர் கூறினார். செய்யலாமா?

கோயிற்காடு:
தயவுசெய்து செய்யாதீர்கள். இமயமலை அடிவாரம் போன்ற தொலைவிலிருந்து வந்து சேர்ந்த பறவை அது. தன் எல்லைக்குள் வேறொன்று நுழைந்துவிட்டதென்று எண்ணி, இரை தேட வேண்டிய நேரத்தை வீணாக்கும். விடியலிலும் அந்தியிலும் அது தானாகவே குரல் கொடுக்கும். அந்தத் திசையைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதற்கு முன்பே சென்று காத்திருங்கள்.

அலையாத்தி:
இதனுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். கோடையில் ஆள்காட்டியும் சில உப்புக்கொத்திகளும் வெட்டவெளித் தரையிலேயே முட்டையிடும். நாம் அருகில் நிற்கும்வரை தாய் திரும்பாது. வெயிலில் முட்டை கெட்டுவிடும். கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே கருதுகிறது. ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால், வந்த தடத்திலேயே காலடி பார்த்துத் திரும்பிவிடுங்கள்.