ரீ: மினியேச்சருக்குத் தமிழ்ல என்ன சொல்றது? (கலவரப் போலீஸ் செட்டு)

> மேசையில வச்சு ஆடுற வார்கேமுக்குத் தமிழ்ல விதிகள் எழுதிட்டிருக்கேன். இந்தக் காலத்துப் போலீஸ், கலவரம் பத்தின ஆட்டம். அதுல நகத்துற சின்னப் பொம்மைக்கு, அதான் மினியேச்சருக்கு, 'நுண்ணுரு', எதிர்ல நிக்கிற ஆளுங்களுக்குக் 'கலவர நுண்ணுரு'ன்னு போட்டிருக்கேன். சரியா வருமா? பொம்மைங்க எங்க தேடறதுன்னும் யாராச்சும் சொல்லுங்க.

தம்பி, நுண்ணுரு வேணாம்ப்பா. நுண்ணுயிர், நுண்ணோக்கின்னு கண்ணுக்குத் தெரியாத சமாசாரத்துக்குப் போற சொல்லு அது, நாம மீசைக்கும் பெல்ட்டுக்கும் தனித்தனியா பெயிண்ட் அடிக்கிற பொம்மைக்கு எதுக்கு? மேல ஒரு ஐயா 'உருக்காய்'னு சொல்லியிருந்தாரு, படிச்சதும் எங்க வீட்ல என்ன ஊறுகாய்னு கேட்டாங்க. 'பாவைக்காய்'னு இன்னொருத்தர், அத நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் வேகமா சொன்னா நேரா பொரியலுக்குப் போயிடும்.

வெறும் 'காய்' போதும்ங்கறது என் கட்சி. தாயத்துல காய் நகத்துறோம், காய வெட்டுறோம், காய் பழுத்துருச்சுங்கறோம், வினையெல்லாம் தயாரா இருக்கு, விதி எழுதுறப்ப அதுதான் பெரிய ஒத்தாச. ஷோகேஸ்ல நிக்கிறப்ப மட்டும் 'சிற்றுரு'ன்னு சொல்லிக்கலாம், சிற்றோவியம் மாதிரி.

ஆனா எனக்கு இடிக்கிறது அந்தக் 'கலவர'ந்தான். 2017ல கதிராமங்கலத்துல எண்ணெய்க் குழாய் கசிஞ்சு ஊரே தெரண்டு நின்னுச்சு, தடியடியும் நடந்துச்சு. அங்க போயி கலவரம்னு சொல்லிப் பாரு, போராட்டம்னு உடனே திருத்துவாங்க. எதிர்ல லத்தியோட நின்னவர கேட்டா வேற சொல்லு வரும். நம்ம ஆட்டத்துல ரெண்டு பக்கமும் ஆள் உக்காந்து ஆடப்போறாங்க, விதிப்புத்தகம் முன்னாடியே ஒரு பக்கம் சாயக்கூடாதுல்ல. அதவிட முக்கியம், கூட்டம் மொத ரவுண்டுல சும்மாதான் நிக்கும், போலீஸ் எப்ப முன்னாடி வருது, யாரு மொத கல்ல எடுக்குறாங்கங்கறதப் பொறுத்துதான் அது கலவரமாவோ கலைஞ்சோ போகும். அப்ப கலவரம்ங்கறது காயோட பேரு இல்ல, கூட்டத்தோட நெலம. காய் பேரு 'திரள் காய்'னு வையி, நெலமைய அமைதி, கொதிப்பு, கலவரம்னு மூணாப் பிரிச்சுக்க.

இப்படி வச்சா பொம்ம தேடறதும் லேசாயிடும். கலவரக்காரன்னு தேடுனா முகமூடி கட்டி பாட்டில் வீசுற பொம்மதான் வரும், வெலையும் ஜாஸ்தி. திரளுக்கு வேண்டியது சாதாரண சனம், அது ரயில் மாடல் கடைக்காரங்ககிட்ட கொட்டிக் கெடக்கு. ஜெர்மனிக்காரங்க பிரைசர் கம்பெனி 1/87ல, அதாவது நெச அளவுல 87ல ஒரு பங்கா, நடக்குற ஆளு, நிக்கிற ஆளு, போலீஸ் எல்லாமே போடுறாங்க. ஆனா மொதல்ல அளவ முடிவு பண்ணிக்க, 1/87ல ஒரு ஆளு சுமார் 20 மி.மீ, 1/72ல 24 மி.மீ, ரெண்டையும் கலந்தா ஒரு கட்சி முழுக்க ஒரு தலை ஒசரமா நிக்கும். 28 மி.மீன்னு போட்டிருக்கறது இன்னும் குழப்பம், பல பேரு பாதத்துலேர்ந்து கண்ணு வரைக்குந்தான் அளக்குறாங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த அளவுல ஃபவுண்டரிங்கற கம்பெனியோட ஸ்ட்ரீட் வயலன்ஸ் வரிசையப் பாரு, ஆனா எல்லாம் வெள்ளக்கார ஊரு ஆளுங்க.

நம்மூரு ஆளா மாத்துறது ஒண்ணும் பெரிய வேல இல்ல. டிஷ்யூ பேப்பரக் கிழிச்சு ஃபெவிகால் தண்ணியில நனச்சு இடுப்புல சுத்துனா வேட்டி, ஈரமா இருக்கறப்பவே ஊசியால மடிப்பு எடுத்துரணும், காஞ்சா அவ்ளோதான். லத்திக்கு ஈர்க்குச்சியோட நுனி. அஞ்சடி லத்தி 1/56ல (28 மி.மீ பொம்மைக்குக் கிட்டத்தட்ட இதான் கணக்கு) 27 மி.மீ வரும், கொஞ்சம் நீளமாத் தெரியும், வெட்டிறாத, நெசத்துலயும் அது ஆளு தோளு ஒசரந்தான். பிரம்புக் கேடயத்துக்குக் கொசுவலைய ரெண்டு மடிப்பா ஒட்டு, கண்ணாடிக் கேடயத்துக்கு மாத்திரை அட்ட. விரைவு அதிரடிப் படைன்னா நீலப் புள்ளி யூனிஃபார்ம், காக்கி அடிச்சுறாத. அடித்தட்டுக்கு ஹார்டுவேர் கடை வாஷர்.

கொலுக் கடையில போலீஸ் செட்டு பாக்கலாம்னு நெனைக்காத, அதெல்லாம் வெரல் நீளத்துக்கு மேல, இதுங்க பக்கத்துல ராட்சசன் மாதிரி நிக்கும்.

---

அண்ணே, திரள் காய் சூப்பர், எடுத்துக்கிட்டேன். நெலமைக்கு 'கொதிப்பு'ங்கறது டாக்டர்கிட்ட போற மாதிரி இருக்கு, 'கொந்தளிப்பு'ன்னு போட்டுக்கறேன். ஆனா 'காய்'னு நெட்ல தேடுனா கத்திரிக்கா வெலதான் வருது, அதனால புத்தகத்துக்குள்ள காய், அட்டையிலயும் தேடுறதுக்கும் சிற்றுருன்னு வச்சுக்கறேன். சுவாமிமலையில வார்ப்புப் பட்டறையில செஞ்சு வாங்கலாமான்னு ஒரு யோசன.

---

சுவாமிமலை வேல மெழுகு வார்ப்பு தம்பி, ஒவ்வொண்ணுக்கும் மண் அச்ச ஒடைக்கணும், ஒரே போலீச நாப்பது தடவ அவங்ககிட்ட கேட்டா அடிக்க வருவாங்க. ஒரே ஒரு மூல உருவ மட்டும் பண்ணிக் குடுக்கச் சொல்லு, நகல் எடுக்க ரப்பர் அச்சும் ஈயக் கலவையும் போதும். வேட்டி கட்டுன ஆளாவே கேளு, போலீசுதான் கடையில கெடைக்குதே.